இரண்டு விரற்கடைத் தூரம்

ஒலியாய் நின்றாய், ஒலிக்குமுன் விரிந்த
வெளியாய் நின்றாய், வெளியினும் நுணுகி
அளவெலாம் கடந்தாய் ஐயனே,
அளந்தவென் பிழையைப் பொறுத்தருள் வாயே.

இன்று ஆவணி மாதத்து வளர்பிறைப் பஞ்சமி, வெள்ளிக்கிழமை, சுவாதி நட்சத்திரம். நாளைச் சொல்லிவிட்டேன். ஆனால் நல்ல நேரம் பார்த்து எழுத உட்காரவில்லை. தினசரி நாட்காட்டிகளின் நல்ல நேரத்தையும் இராகு காலத்தையும் வாழ்நாளெல்லாம் பிழை பார்த்துக் கொடுத்தவன், தான் எழுதும்போது அதைப் பார்க்காமல் தொடங்குவது ஏன் என்று இத்தொடரை வாரந்தோறும் படித்துவருவோர் கேட்கக்கூடும். இவ்வார அத்தியாயம் முழுவதும் அதற்கான விடைதான்.

பலகையின் மேல் ஒரு கோடு

சிவகாசியில் மாரிக்கனியின் பட்டறை. பிற்பகல். வெளியே வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. உள்ளே மரத்தூளும் எண்ணெயும் கலந்த வாசனை.

அட்டைப் பெட்டிகளை வெட்டுவதற்கான டை கட்டுவது மாரிக்கனியின் தொழில். ஒட்டுப்பலகையில் பெட்டியின் வடிவைக் கோடிட்டு, மெல்லிய ரம்பத்தால் அறுத்து, அந்தப் பிளவில் எஃகுத் தகட்டை வளைத்துச் செருகுவார். எங்கள் அச்சகத்துக்கு வரும் பட்டாசுப் பெட்டி ஆர்டர்களுக்கெல்லாம் அவர்தாம் டை. கண்ணும் கையும் அத்தனை துல்லியம்.

அன்று அவர் மேசைமீது கிடந்தது பெட்டிக்கான பலகை அன்று. இடுப்புயரம் இருந்த தேக்குப் பலகை. அதன் இரு முனைகளிலும் கட்டையடித்து, நடுவே ஒற்றைத் தந்தி இழுத்துக் கட்டியிருந்தது. காகிதக் கட்டின்மேல் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று சன்னமாக இரைந்துகொண்டிருந்தது. என் தம்பி கதிரேசன், இரு கைகளிலும் தோல் நிறத்து இறுக்கமான கையுறையுடன், முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கையுறைக்கு வெளியே நுனிவிரல்கள் மட்டும் தெரிந்தன.

அவன், பாட்டுக்கு அடிச்சுரம் தரும் பாஸ் கிதார் வாசிப்பவன். தீக்காயத்துக்குப் பிறகு பழைய கருவி கைக்கு அடங்கவில்லை. எனவே அவன் கைக்கென்றே ஒன்றைச் செய்யத் துணிந்திருந்தோம். தந்தியின் அடியில் பிக்கப்பை எங்கே பதிப்பது என்று பார்ப்பதற்காகத்தான் அந்தப் பலகை.

பிக்கப் என்பது காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் அடங்கிய, தீப்பெட்டி அளவான ஒரு துண்டு. தந்தியின் அடியில் கிடந்து, அதன் அசைவைக் கேட்டு, மின்னாக்கிப் பெட்டிக்கு அனுப்புவது. கருவியின் செவி என்று சொன்னால் பிழையில்லை.

மாரிக்கனி அதைக் கையில் பிடித்துத் தந்தியின் கீழே மெல்ல நகர்த்தினார். தம்பி ஒரே தந்தியை ஒரே விரலால் மீண்டும் மீண்டும் மீட்டினான். தந்தி கட்டிய கடைசிக் கட்டையின் அருகே துண்டு இருந்தபோது, பித்தளைக் கிண்ணத்தை நகத்தால் தட்டினாற்போல ஒல்லியாகவும் கூர்மையாகவும் ஒலி வந்தது. அங்கிருந்து விலக விலக ஒலி பருத்தது, வயிற்றுக்குள் இறங்கியது. மேலும் விலகியபோது குழைந்து, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் வரம்பு அழிந்தது.

எனக்கு அது தேர்வடத்தை நினைவூட்டியது. தேரில் பிணைத்த இடத்தில் வடம் அசையாது. நடுத்தெருவில்தான் அது தாழ்ந்தும் உயர்ந்தும் ஆடும். செவியை எங்கே வைக்கிறோமோ அங்கே உள்ள ஆட்டமே கேட்கும்.

மாரிக்கனி பொறுமை இழந்து கேட்டார்: "பாஸ் வாசிக்கிறது கூட்டத்துக்குக் கேக்கவே செய்யாதுங்காக. கேக்காத ஒண்ணுக்கா இம்புட்டுப் பாடு?"

"லோடு லாரி டயருக்குள்ள இருக்க காத்த யாரு பாக்கா? போனாத்தான் தெரியும்" என்றான் தம்பி.

பிறகு கண்ணை மூடிக்கொண்டான். துண்டு நகர்ந்தது, மீட்டினான், இன்னும் சற்று, மீட்டினான்.

"நிறுத்துங்க. இங்கனதான்."

மாரிக்கனி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பலகையில் குறுக்கே ஒரு கோடு போட்டார். தம்பி அந்தக் கோட்டின்மேல் வலக்கைக் கட்டைவிரலை ஊன்றி, மற்ற விரல்களால் தந்தியைத் தொட்டுப் பார்த்தான். பாஸ் வாசிப்போர் பெருவிரலைப் பிக்கப்பின்மேல் ஊன்றிக்கொண்டுதான் மீட்டுவார்கள் என்பதையும், ஆகையால் அது இருக்கும் இடமே கை இருக்கும் இடமாகிவிடும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். "இந்த இடத்துல தந்தி மெத்துனு இருக்குண்ணே. என் விரலுக்குத் தாங்கும்" என்றான்.

அந்தக் கோடு இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

தீயின் ஒரு நொடி

கதிரேசன் எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன். வீட்டில் நான் பாசுரங்களைப் பாராயணம் செய்தால், அவன் தூணில் தாளம் தட்டிக்கொண்டிருப்பான். பின்னர் சாத்தூர் மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்தான். அம்மன் கோயில் பொங்கல் விழா, கொடை விழா, திருமண வரவேற்பு என்று பங்குனி தொடங்கி ஆடி வரை ஊர் ஊராய்ப் போவார்கள். மேடையில் அவன் நிற்கும் இடம் எப்போதும் பின்வரிசை, டிரம்ஸுக்குப் பக்கம். பாட்டு முடிந்து கைதட்டும்போது எவரும் அவனைப் பார்த்துத் தட்டியதில்லை. அதில் அவனுக்குக் குறையும் இருந்ததில்லை.

சீசன் இல்லாத மாதங்களில் வெம்பக்கோட்டைப் பக்கம் உறவினர் ஒருவரின் பட்டாசுக் கம்பெனியில் மேற்பார்வை பார்த்தான். ஓர் ஆண்டு மாசியில், வெயிலில் உலர்த்தியிருந்த மருந்து பற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களை இழுத்து வெளியே தள்ளியபோது அவன் கைகள் தீக்குள் இருந்தன. ஒரு நொடிதான் என்றார்கள். அந்தப் பெண்கள் இருவரும் நலமாக இருக்கிறார்கள். இன்றும் தைப்பொங்கலன்று கரும்புடன் வருவார்கள்.

விரல்கள் எவையும் போகவில்லை. ஆனால் இடக்கைப் பெருவிரலின் கணு மடங்க மறுத்தது. வலக்கைத் தோல் இறுகிப் பளபளத்தது. விரல்களை விடாது இயக்கிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் தோல் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துக்கொள்ளும், முதல் ஓராண்டுதான் உயிர் என்று பயிற்சி கொடுத்த மருத்துவப் பெண் சொல்லியிருந்தார். என்ன வேலை விருப்பமோ அதைச் செய்யுங்கள் என்றும் சொன்னார்.

அவனுக்கு விருப்பம் ஒன்றுதான்.

கழுத்து

பிக்கப் இடம் பார்ப்பதற்கு முன்பே கழுத்து வேலை முடிந்திருந்தது. இடக்கை பற்றும் நீண்ட பகுதியைத்தான் கழுத்து என்பது. பழைய கருவியின் கழுத்து முதுகு, உலக்கையைப் பிளந்தாற்போல உருண்டு தடித்திருந்தது. மடங்காத பெருவிரலை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வளைத்தால் மற்ற விரல்கள் தந்தியை எட்டா.

அந்தக் கழுத்தையே கழற்றி எடுத்து மாரிக்கனி சுரண்டுவார், தம்பி பிடித்துப் பார்ப்பான், மீண்டும் சுரண்டுவார். பல நாட்கள் இவ்வாறு நடந்தது. முதுகின் உருட்சி குறைந்து, வெற்றிலையின் முதுகு போன்ற மெல்லிய வளைவாயிற்று. தடித்த தந்திப் பக்கம் சற்றே கனம். உள்ளங்கை வந்து பொருந்தும் மெல்லிய தந்திப் பக்கம் சற்றே சரிவு. இரு பக்கமும் ஒத்திராத அந்த வடிவை வேறு யார் பிடித்தாலும் கோணல் என்றே சொல்லியிருப்பார்கள்.

"இதுக்கு மேல சுரண்டுனா உள்ள இருக்க இரும்புக் கம்பி எட்டிப் பாத்துரும்" என்று மாரிக்கனி கைவிரித்த அன்று, தம்பி அதைப் பிடித்தான். நான்கு விரல்களும் தாமாக இறங்கி அமர்ந்தன. தீக்குப் பிறகு அவன் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

கைக்கு ஏற்ற கழுத்து வாய்த்தது. இனி செவி ஒன்றுதான் பாக்கி என்றிருந்தோம்.

மீதியில் நின்றது

எங்கள் குடும்பத்தில் மரத்தையோ மண்ணையோ அளவு பார்க்காமல் வெட்டுவதில்லை. வீட்டு நிலைவாசல், கட்டில், கிணறு, அச்சு இயந்திரம் நிறுத்திய மேடை எல்லாமே கணக்குப் பார்த்தவை. நீளத்தை விரற்கடையால், அதாவது விரலின் அகலத்தால், அளந்து, பெருக்கி, வகுத்து, மீதி எவ்வளவு என்று பார்ப்பது வழக்கம். மீதி நல்லதாயின் பொருளும் உடையவனும் நிலைப்பர். தீயதாயின் அந்த நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ வெட்ட வேண்டும். அளக்கும் விரல் உடையவனுடைய விரலாக இருக்க வேண்டும் என்பது விதி.

கோடு போட்ட மறுநாள் காலை, பட்டறையில் நான் தனியே இருந்தபோது, கழுத்து முனைப் பக்கத்துத் தலைக்கட்டை தொடங்கி அந்தக் கோடு வரை அளந்தேன். உடையவன் விரல் வெந்து கிடந்தது. அதைப் பலகையில் வைத்து அழுத்தி அளக்கச் சொல்ல மனம் வரவில்லை. என் விரலால் அளந்தேன்.

மீதியில் நின்றது உடையவன் ஆயுளுக்கு ஆகாதது.

மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதுவே. தீயின் வாயிலிருந்து மீண்டு வந்தவன். அவன் மடியில் வைத்து, நெஞ்சோடு அணைத்து நாள்தோறும் வாசிக்கப் போகும் மரம். என் அச்சத்தை இன்று நகைப்போர் நகைக்கட்டும்.

இரண்டு விரற்கடை கடைசிக் கட்டைப் பக்கம் தள்ளினால் கணக்கு நலமாக வந்தது. மாரிக்கனியிடம் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, டையில அரை மில்லி தள்ளுனா பொட்டி மூடாது. நீங்க ரெண்டு விரல்ங்கீக."

மூடாவிட்டால் போகிறது, ஆள் இருக்க வேண்டும் என்றேன். தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அவர் பட்டறைக்குப் பாதி வேலை எங்கள் அச்சகத்திலிருந்து போவது. அதை நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. அதுவும் என் பிழைகளில் ஒன்று.

உடல்மரத்தில் பள்ளம் வெட்டப்பட்டது. மேலே கருஞ்சிவப்பு வண்ணம் ஏறியது. பலகையை நான் அச்சகத்துக்கு எடுத்துப்போய்க் காகித அடுக்குகளுக்குப் பின்னே சாய்த்து வைத்தேன்.

கருவி வீட்டுக்கு வந்த அன்று, தம்பி அதை மடியில் வைத்துப் பெருவிரலை ஊன்றினான். புருவம் சுருங்கியது.

"கொஞ்சம் கீழ தள்ளி இருக்காப்ல தெரியுதேண்ணே."

மாரிக்கனி என்னைப் பார்த்தார். பூசையறையில் அப்போதுதான் காட்டிய சூடத்தின் புகை இன்னும் கூடத்தில் இருந்தது.

"பலகையில பாத்த அதே இடந்தான்" என்றேன்.

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அண்ணன் சொல்லிவிட்டேன் அல்லவா.

ஆமத்தூர் மேடை

இரண்டு விரற்கடைதானே என்று நானும் எண்ணியிருந்தேன். பெருவிரல் இரண்டு விரற்கடை நகர்ந்ததால் மற்ற விரல்களும் நகர்ந்தன. அங்கே தந்தி விறைப்பாக இருந்தது. பழைய கை என்றால் ஒரு வாரத்தில் பழகியிருக்கும். அந்த வலக்கைக்கு வலு இல்லை. மெல்ல மீட்டினால் ஒலி ஒல்லியாக வந்தது. பருமன் வர வேண்டுமானால் அடித்து மீட்ட வேண்டியிருந்தது. பெட்டியில் ஒலியைக் கூட்டினால் இரைச்சல் கூடியதே தவிர ஒலிக்கு உடம்பு வரவில்லை.

அவன் காலையும் மாலையும் வாசித்தான். நான் திருவிளக்கின் முன்னே பாராயணம் செய்யும்போது பக்கத்து அறையிலிருந்து அந்த ஒல்லி ஒலி வரும். நாவில் இறைவன் பெயரும் காதில் அதுவுமாக உட்கார்ந்திருப்பேன். பல காலைகளில் அடி தவறியது.

அவ்வாண்டுக் கொடை விழாவில், ஆமத்தூர் மேடையில், மூன்று பாட்டுக்கு மட்டும் வாசித்துப் பார்க்கட்டும் என்று குழுத்தலைவர் சம்மதித்தார். நானும் போயிருந்தேன். முதல் பாட்டின் பாதியிலேயே கீபோர்டு வாசிப்பவர் தம்பியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு தம் இடக்கையால் அடிச்சுரங்களைத் தாமே வாசிக்கத் தொடங்கினார். அது அன்பால் செய்தது. தம்பியும் அதைக் கண்டான். மூன்று பாட்டும் முடியும்வரை நிமிர்ந்தே நின்றான்.

இறங்கி வந்தபோது குழுத்தலைவர் அவன் தோளைத் தொட்டு, கை தேறட்டும், அவசரம் என்ன என்றார்.

ஊர் திரும்பும் வண்டியில் அவன் கைகளை மடியில் மல்லாத்தி வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு வந்தான். "நெக் அம்புட்டுப் பொருத்தமா இருக்குண்ணே. மரத்துல குத்தமில்ல. இந்தக் கைதான் செத்துப்போச்சு."

அப்போது சொல்லியிருக்கலாம். ஓராண்டில் இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன. பள்ளத்தை அடைத்து மேலே வேறொன்று வெட்ட மாரிக்கனிக்கு இரண்டு நாள் போதும். சன்னலுக்கு வெளியே சோளக்காடு ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். ஆயுள் என்ற சொல் நெஞ்சில் வந்து நின்றது. மூடிக்கொண்டேன். அவன் சாவதைவிட வாசிக்காமல் இருப்பது மேல் என்று என் மனம் எனக்கு எடுத்துச் சொன்னது. பக்தன் என்று பெயர் எடுத்தவனின் நெஞ்சு எவ்வளவு சுளுவாக வழக்காடுகிறது.

அவன் மேலும் அழுத்தி வாசித்தான். இறுகிய தோல் விரற்கணுவில் வெடித்தது. ஆற விட்டான், ஆறும்போது சுருங்கியது. மீண்டும் வாசித்தான், மீண்டும் வெடித்தது. மழைக்காலம் முடிவதற்குள் வலக்கையில் மூன்று விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிவிட்டன. ஒரு நாள் கருவியைத் துடைத்து, உறையில் இட்டு, ஆணியில் மாட்டினான். அதன்பின் அதை இறக்கவில்லை.

மாரிக்கனி அதன்பிறகு டைகளைத் தம் ஆள் மூலமே அனுப்பினார். நேரில் வருவதை நிறுத்திக்கொண்டார்.

பலகை திரும்பிய நாள்

ஆண்டுகள் ஓடின. தம்பி இப்போது எங்கள் அச்சகத்தில்தான் இருக்கிறான். இயந்திரம் ஓடும்போது கண்ணை மூடி நின்று, எந்த உருளையில் தேய்மானம் என்று காதாலேயே சொல்லிவிடுவான். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. ஊழ் என்று ஒன்றை ஒப்புக்கொண்டவர்களிடம் காணும் தெளிவு அது.

சென்ற மாதம் வீட்டில் ஒரு சிறு வழிபாடு. உறவினர் பலர் வந்திருந்தனர். சாப்பாடு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது யாரோ சுவரில் தொங்கிய கருவியைப் பற்றிக் கேட்டார்கள். தம்பி எல்லார் முன்னிலையிலும் சொன்னான்: "அண்ணன் எனக்குனு சொல்லிச் செஞ்சது. இந்த மாதிரி எந்த அண்ணனும் செய்ய மாட்டாக. என் கைக்குத்தான் குடுத்து வைக்கல."

அவர்கள் என்னைக் கனிவோடு பார்த்தனர். அந்தப் பார்வையை என்னால் தாங்க இயலவில்லை.

மறுநாள் முற்பகல், காகித அடுக்குகளுக்குப் பின்னேயிருந்து பலகையை எடுத்தேன். தந்தி துருவேறியிருந்தது. கோடு அழியவில்லை. அச்சகத்தின் பின்னறையில் அவன் முன்னே அதை வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. சொல்லி முடித்தால் நெஞ்சு இறங்கும் என்று நம்பியிருந்தேன். மறைக்காமல் சொல்கிறேன்: அதற்காகத்தான் சொன்னேன்.

அவன் மடங்காத இடக்கைப் பெருவிரலால் அந்தக் கோட்டின்மேல் ஒரு முறை தடவினான்.

"யார் விரலால அளந்தீக?"

"என் விரலாலதான்."

"உடையவன் விரல்லதானண்ணே அளக்கணும்? நீங்கதான சொல்லுவீக."

பக்கத்து அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு நாட்காட்டியின் முதல் தாள்கள்.

"இத்தன வருசமா இந்தக் கையோட சண்ட போட்டு, ஒரு வழியா சமாதானம் ஆயிருந்தேன்" என்றான். குரல் உயரவில்லை. "கைதான் விட்டுப்போச்சுன்னு இருந்தேன். இப்ப கை விடலங்கீக. இனி நான் எங்கன போய் ஆறுவேன்? நீங்க இதச் சொல்லாமலேயே இருந்திருக்கலாம்ணே."

அவன் எழுந்து இயந்திரத்தின் அருகே போய் நின்றான். வழக்கம்போல் கண்ணை மூடினான். ஆனால் அன்று எந்த உருளையைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

பலகை என் மேசைக்கு எதிரே சாய்ந்திருக்கிறது. அவன் விரலால் அளந்தால் மீதி என்ன வரும் என்று ஒரு நாழிகையில் கணக்கிட்டுவிடலாம். அந்த மடங்கிய விரலைக் கேட்கும் துணிவும் எனக்கில்லை. வரும் விடையைத் தாங்கும் வலுவும் எனக்கில்லை. தம்பி நாள்தோறும் வேலைக்கு வருகிறான். சாப்பிட்டீகளா என்று கேட்கிறான். சுவரில் தொங்கிய கருவி இப்போது அங்கே இல்லை. என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை.

நல்ல நேரம் பார்க்காமல் எழுதியவன் வாழ்த்தும் தகுதி உடையவனா என்று அறியேன். ஆயினும் வாழ்த்தாமல் முடிக்க எனக்குத் தெரியாது. இதைப் படிக்கும் உங்கள் கைகள் நலமாக இருக்கட்டும். அவை எந்த இடத்தைத் தேர்ந்தனவோ அந்த இடத்திலேயே அமரட்டும். உங்கள்மீது அன்புடையோர், உங்களைக் கேட்காமல் உங்களுக்கு நன்மை செய்யாதிருக்கட்டும். எல்லா அளவையும் கடந்து நிற்பவன் உங்கள் எல்லாரையும் காக்க.